மட்டாஞ்சேரியில் உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் கடையைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கேட்க வேண்டிய கேள்விகள் என்ன? முழு விவரம்

கொச்சி: கேரளத்துக்குச் சுற்றுலா செல்லும் தமிழகப் பயணிகள் தவறாமல் பார்க்கும் இடங்களுள் ஒன்று கொச்சியின் மட்டாஞ்சேரி. டச்சு அரண்மனை, 1568-ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி யூத ஜெப ஆலயம், நறுமணப் பொருள் கிடங்குகள் ஆகியவற்றுடன் உணவுக்கும் பெயர்பெற்ற பகுதி இது. குஜராத்தி, கொங்கணி, கட்ச்சி மேமன், யூதர் எனப் பல சமூகங்களின் சமையல் சில தெருக்களுக்குள் அடங்கியிருக்கிறது.

வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர், மாட்டிறைச்சி உண்ணாதவர், ஹலால் உணவை மட்டும் உண்பவர் ஆகியோர் இங்கு தங்களுக்கேற்ற உணவைக் கண்டடைவது கடினமன்று. ஆனால் வேர்க்கடலை, முந்திரி, இறால், பால், முட்டை, கோதுமை போன்றவற்றால் ஒவ்வாமை ஏற்படுபவர்களின் நிலை வேறு. மரபு சார்ந்த உணவுக் கட்டுப்பாடுகளை நன்கு அறிந்த ஒரு சமையலறை, ஒவ்வாமையையும் அறிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த வேறுபாட்டை அறியாமல் கடையைத் தேர்ந்தெடுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

விரதம் வேறு, ஒவ்வாமை வேறு

சமயம் அல்லது மரபு சார்ந்த கட்டுப்பாட்டில், ஒரு பொருளைச் சேர்க்காமல் சமைத்தால் பெரும்பாலும் போதுமானது. ஒவ்வாமையில் அது போதாது. அப்பொருள் பட்ட கரண்டி, அதைப் பொரித்த எண்ணெய், அதை அரைத்த மிக்ஸி ஆகியவற்றின் வழியே சேரும் சிறிதளவும் சிலருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும்.

இதற்கு மட்டாஞ்சேரியிலேயே தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. சமண முறையில் சமைக்கப்படும் குஜராத்தி உணவில் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு போன்றவை இடம்பெறா. ஆனால் இனிப்பும் புளிப்பும் கலந்த குஜராத்தி பருப்புக் குழம்பில் வேர்க்கடலை சேர்ப்பது வழக்கம். விரத நாள்களில் உண்ணும் ஜவ்வரிசி கிச்சடியிலும் வறுத்த வேர்க்கடலைப் பொடி சேர்க்கப்படுகிறது. வெங்காயம், பூண்டின் மணத்துக்கு மாற்றாகப் பெருங்காயம் தாராளமாகப் பயன்படுகிறது. கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினுடன் கோதுமை மாவோ அரிசி மாவோ கலக்கப்பட்டிருக்கும்.

எனவே, ஒரு சமணருக்கு முழு நிறைவளிக்கும் அதே தட்டு, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கும், கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளிக்கும் ஆபத்தானதாக அமையக்கூடும்.

எந்தப் பகுதியில் என்ன கிடைக்கும்?

குஜராத்தி சாலை: தர்மநாத் சமணக் கோயில் அமைந்துள்ள இச்சாலையும் சுற்றுப்புறமும் சைவ உணவை நாடுவோருக்கு ஏற்றவை. சாந்திலால் மிட்டாய்வாலா இங்குள்ள பெயர்பெற்ற இனிப்புக் கடை. இனிப்புகளுடன் காரச் சிற்றுண்டிகளும் விற்கப்படும் இத்தகைய கடைகளில் பால், நெய், முந்திரி, பிஸ்தா, கடலை மாவு, வேர்க்கடலை ஆகியவை அருகருகே புழங்குவது இயல்பு. கொட்டை வகை ஒவ்வாமை உள்ளவர்கள் தட்டில் திறந்து வைத்து விற்கப்படும் பண்டங்களைத் தவிர்த்து, உட்பொருள் அச்சிடப்பட்ட பொட்டலங்களை வாங்குவது நல்லது. சூரியன் மறைந்த பின் உண்ணாத சமணர்கள், பல உணவகங்களில் இரவுச் சமையல் மாலை மங்கிய பிறகே தொடங்குவதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

செர்லாய்: கொச்சி திருமலை தேவஸ்வம் கோயிலைச் சூழ்ந்த இப்பகுதி, போர்ச்சுகீசியர் ஆட்சிக் காலத்தில் கோவாவிலிருந்து வெளியேறிய கௌட சாரஸ்வத கொங்கணிகளின் இருப்பிடம். கோயில் சார்ந்த சமையலில் வெங்காயமும் பூண்டும் இல்லை. ஆனால் கொங்கணிகளின் அன்றாட வீட்டுச் சமையலில் மீனுக்கு இடமுண்டு. 'கொங்கணி உணவு' என்ற பெயரை மட்டும் கொண்டு அது சைவம் என முடிவு செய்யக் கூடாது. பருப்பு உணவுகளில் இங்கும் பெருங்காயமே முதன்மையான மணப்பொருள்.

யூதத் தெரு: இங்கு வாழ்ந்த யூதர்களில் பெரும்பாலோர் 1950-களிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் சேரக் கூடாது என்பதால், கொச்சி யூதர்கள் இறைச்சிக் குழம்புகளில் தேங்காய்ப் பாலைப் பயன்படுத்தினர். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தச் சமையல் முறை இயல்பாகவே பொருந்தும். எனினும், இன்று உணவகப் பட்டியலில் 'யூத முறை' எனக் குறிப்பிடப்படும் உணவு, அந்த விதிகளின்படி சான்று பெற்ற கோஷர் உணவு ஆகாது. ஜிஞ்சர் ஹவுஸ் போன்ற இப்பகுதி உணவகங்கள் வெளிநாட்டுப் பயணிகளை எதிர்பார்த்து இயங்குபவை என்பதால் ஒவ்வாமை குறித்த கேள்வி அவற்றுக்குப் புதிதாக இருக்காது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்டே உறுதி செய்ய வேண்டும்.

புதிய சாலைப் பகுதியும் கடைத்தெருவும்: 1948-இல் தொடங்கப்பட்ட காயீஸ் ரஹ்மத்துல்லா உணவகத்தின் ஆட்டிறைச்சி பிரியாணி மட்டாஞ்சேரியின் அடையாளங்களுள் ஒன்று. ஹலால் உணவை நாடுவோர்க்கு இப்பகுதியில் தேர்வுகள் ஏராளம். கேரள பிரியாணியில் நெய், வறுத்த முந்திரி, திராட்சை, தயிர் ஆகியவை பொதுவாக இடம்பெறும். மேலே தூவப்பட்ட முந்திரியை எடுத்துவிட்டு உண்பது ஒவ்வாமை உள்ளவருக்குப் பாதுகாப்பாகாது. முந்திரி வறுத்த நெய்யே சோற்றில் கலந்திருக்கும். ரமலான் மாதத்தில் பகலில் பல கடைகள் மூடியிருக்கும் என்பதையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) 2020-ஆம் ஆண்டு முகப்புச்சீட்டு மற்றும் காட்சிப்படுத்தல் ஒழுங்குமுறைகள், பொட்டலமிடப்பட்ட உணவில் எட்டு வகை ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்குகின்றன. அவை: குளூட்டன் உள்ள தானியங்கள், இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகள், பால், முட்டை, மீன், வேர்க்கடலை மற்றும் மரக்கொட்டைகள், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட சல்பைட்டு.

இப்பட்டியலில் எள்ளும் கடுகும் இல்லை. கணவாய், சிப்பி போன்ற மெல்லுடலிகளும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 பொருள் பட்டியலில் இவை அனைத்தும் உள்ளன. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே எள் ஒவ்வாமை உள்ளவர்கள், இந்தியப் பொட்டலங்களில் 'ஒவ்வாமைத் தகவல்' என்ற வரியை மட்டும் பார்க்காமல் உட்பொருள் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும்.

உணவகங்களைப் பொறுத்தவரை, மத்திய உரிமம் பெற்றவையும் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகள் கொண்டவையும் மட்டுமே உணவுப் பட்டியலில் கலோரி அளவைக் காட்டி, ஒவ்வாமைத் தகவலையும் தர வேண்டும். இவ்விதி 2022 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. மட்டாஞ்சேரியின் பழைய கடைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் இயங்கும் குடும்பத் தொழில்கள் என்பதால் அவற்றுக்கு இவ்விதி பொருந்தாது. மாறாக, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் 13 முதல், சிறிய உணவகங்களும் பொட்டலமிடாத உணவுக்கான ஒவ்வாமைத் தகவலை அளித்தாக வேண்டும்.

இதன் நடைமுறைப் பொருள்: மட்டாஞ்சேரியின் சிறு கடைகளில் ஒவ்வாமைத் தகவல் எழுத்தில் கிடைக்கும் என எதிர்பார்க்க முடியாது. சமையல் செய்பவரிடம் நேரில் கேட்டுப் பெறும் பதிலே ஒரே பாதுகாப்பு.

பச்சைப் புள்ளி எதற்கு உறுதி?

பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்பது சைவ உணவைக் குறிக்கும். அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். இந்திய விதிப்படி முட்டை அசைவத்திலும், பாலும் தேனும் சைவத்திலும் அடங்கும். எனவே பச்சைக் குறியீடு பால் ஒவ்வாமை உள்ளவருக்கோ, விலங்கிலிருந்து பெறப்படும் எதையும் உண்ணாத வீகன் முறையினருக்கோ உதவாது. வீகன் உணவுக்கென 2022-இல் தனி ஒழுங்குமுறையும், 'வி' எழுத்து வடிவப் பச்சைக் குறியீடும் வகுக்கப்பட்டன.

'குளூட்டன் அற்றது' என்று குறிப்பிட வேண்டுமானால் அந்த உணவில் குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பரிசோதனை செய்யாத ஓர் உணவகம் 'இது அரிசி உணவு' என்று மட்டுமே கூற முடியும். இவ்விரண்டும் ஒன்றல்ல.

கேரள உணவுகளில் மறைந்திருப்பவை

கோதுமை: புட்டு, இடியாப்பம், பத்திரி, அப்பம், மட்டை அரிசிச் சோறு ஆகியவை அடிப்படையில் அரிசி உணவுகள். ஆனால் கோதுமைப் புட்டும் கோதுமை இடியாப்பமும் பரவலாகக் கிடைப்பதால் எந்த மாவு என்று கேட்க வேண்டும். பரோட்டா சுடும் அதே கல்லில் தோசையும் வார்க்கப்படலாம். சாம்பாரில் பெருங்காயம் இருக்கும். சோயா சாஸ் சேர்த்த சீன வகை உணவுகளில் சோயாவுடன் கோதுமையும் இருக்க வாய்ப்புண்டு.

பால்: அவியல், பச்சடி, கிச்சடி, புளிசேரி ஆகியவற்றில் தயிர் அல்லது மோர் உண்டு. பாலடைப் பாயசம் பசும்பாலில் செய்யப்படுவது. அடைப் பிரதமன் வெல்லமும் தேங்காய்ப் பாலும் கொண்டதெனினும், நெய்யில் வறுத்த முந்திரியும் தேங்காயும் அதன் மேல் சேர்க்கப்படும். பூசணி, தட்டைப்பயறு, தேங்காய்ப் பால், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் ஓலன், பால் பொருள்களும் வெங்காயமும் பொதுவாக இல்லாத உணவு.

முந்திரி: 'இஷ்டு' எனப்படும் தேங்காய்ப் பால் குழம்பும் மீன் மோலியும் கெட்டிப்படுவதற்காகச் சில சமையலறைகளில் முந்திரி விழுது சேர்க்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாது என்பதால் கேட்டே அறிய வேண்டும்.

இறால், நண்டு: மீனும் இறாலும் ஒரே எண்ணெயில் பொரிக்கப்படுவது பெரும்பாலான கடைகளில் வழக்கம். மீன் மட்டும் உண்ணக்கூடியவர்கள் பொரித்த மீனைத் தவிர்த்துக் குழம்பு மீனைத் தேர்ந்தெடுப்பது ஓரளவு பாதுகாப்பானது. உலர்ந்த இறால் பொடி சம்மந்தியிலும், பலாக்கொட்டை, மாங்காய் போன்ற காய்கறிக் கறிகளிலும் இடம்பெறுவதுண்டு.

முட்டை: பச்சை முட்டையில் செய்யப்படும் மயோனைஸுக்குக் கேரளம் 2023 ஜனவரியில் தடை விதித்தது. அதற்கு மாற்றான காய்கறி மயோனைஸ் சிலவற்றில் பாலோ சோயாவோ இருக்கலாம். சூடாக்கிப் பதப்படுத்திய முட்டையில் மயோனைஸ் செய்ய அனுமதி உண்டு. பரோட்டா மாவில் முட்டையும் பாலும் சேர்ப்பது பல கடைகளில் வழக்கம்.

தேங்காய்: கேரளச் சமையலில் தேங்காயும் தேங்காய் எண்ணெயும் இல்லாத உணவைக் காண்பது அரிது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் மரக்கொட்டைப் பட்டியலிலிருந்து தேங்காயை நீக்கியது. முந்திரி, பாதாம் ஒவ்வாமை உள்ள பலரால் தேங்காயை உண்ண முடியும். எனினும் தேங்காயால் மட்டுமே ஒவ்வாமை ஏற்படுபவர்களும் உள்ளனர். அவர்கள் கேரளப் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் ஆலோசிப்பது அவசியம்.

சைவ உணவு உண்போர் கவனத்துக்கு மற்றொன்று. சாதாரண உணவகங்களில் பகல் 'ஊணு'க்கு மீன் சாறு இலவசமாக ஊற்றப்படுவதுண்டு. இலையில் அமர்ந்தவுடன் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள், பாத்திரமும் எண்ணெயும் தனியாக உள்ளனவா என்று கேட்பதைவிட, அதைச் சமைக்காத உணவகத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. சபரிமலை விரதத்தில் இருப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

தமிழர்களைத் தடுமாற வைக்கும் மலையாளச் சொற்கள்

கொச்சியில் தமிழ் பலருக்குப் புரியும். ஆனால் ஒவ்வாமை விஷயத்தில் அந்த நம்பிக்கையே ஆபத்தாகலாம். தமிழகத்தில் வேர்க்கடலையைப் பேச்சுவழக்கில் 'கடலை' என்கிறோம். மலையாளத்தில் 'கடல' என்றால் கொண்டைக்கடலை. 'கடலை எனக்கு ஆகாது' என்று தமிழில் சொன்னால், புட்டுடன் தரும் கொண்டைக்கடலைக் கறியை மட்டும் எடுத்துவிட்டு, வேர்க்கடலை சேர்த்த உணவைப் பரிமாறிவிட வாய்ப்புண்டு.

நினைவில் கொள்ள வேண்டிய சொற்கள்:

கப்பலண்டி, நிலக்கடல – வேர்க்கடலை
கசுவண்டி, அண்டிப்பரிப்பு – முந்திரிப் பருப்பு
செம்மீன், கொஞ்சு – இறால்
ஞண்டு – நண்டு
கூந்தல், கணவ – கணவாய்
கக்க, கல்லும்மக்காய – சிப்பி வகைகள்
கோதம்பு – கோதுமை
தைரு – தயிர்
முட்ட – முட்டை
எள்ளு – எள்
சவாள – பெரிய வெங்காயம்
உள்ளி – சின்ன வெங்காயம்
வெளுத்துள்ளி – பூண்டு
வெளிச்செண்ண – தேங்காய் எண்ணெய்

பயன்படும் வாக்கியங்கள்:

'எனிக்கு கப்பலண்டி அலர்ஜியாணு' – எனக்கு வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளது.
'இதில் கசுவண்டி சேர்த்திட்டுண்டோ?' – இதில் முந்திரி சேர்த்திருக்கிறீர்களா?
'ஒரே எண்ணயிலாணோ வறுக்குன்னது?' – ஒரே எண்ணெயில்தான் பொரிக்கிறீர்களா?
'இது கழிச்சால் எனிக்கு ஸ்வாசம் முட்டும்' – இதை உண்டால் எனக்கு மூச்சு முட்டும்.

இவற்றுள் கடைசி வாக்கியம் மிக முக்கியமானது. 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் அது விருப்பமாகவோ விரதமாகவோ புரிந்துகொள்ளப்படும். உடலுக்கு என்ன நேரும் என்பதைச் சொன்னால்தான் கேள்வியின் கனம் புரியும்.

மேலும், கேரள உணவகச் சமையலறைகளில் மேற்கு வங்கம், அசாம், ஒடிசா போன்ற மாநிலத் தொழிலாளர்கள் பெருமளவில் பணியாற்றுகின்றனர். பரிமாறுபவரிடம் மலையாளத்தில் சொன்னது சமையல்காரரைச் சென்றடையும்போது இந்தியாகவோ வங்காளமாகவோ மாறுகிறது. வேர்க்கடலைக்கு இந்தியில் 'மூங்ஃபலி', முந்திரிக்கு 'காஜூ', இறாலுக்கு 'ஜீங்கா'. வங்காளத்தில் 'பாதாம்' என்ற சொல் வேர்க்கடலையையும் குறிக்கும். ஆகவே, தவிர்க்க வேண்டிய பொருளின் படத்துடன் மலையாளத்திலும் இந்தியிலும் எழுதிய சிறு அட்டையை எடுத்துச் சென்று சமையலறைக்கு அனுப்புவது பயன் தரும்.

கடையைத் தேர்ந்தெடுக்கும் முறை

முதலில், கூட்ட நேரத்தைத் தவிர்க்க வேண்டும். காலை 11 மணி அளவிலோ, பிற்பகல் 3 மணிக்குப் பிறகோ தொலைபேசியிலோ நேரிலோ கேட்டால் சமையல் செய்பவரிடமே பேச வாய்ப்புக் கிடைக்கும்.

இரண்டாவதாக, உணவின் பெயரைச் சொல்லி 'இது பாதுகாப்பானதா?' என்று கேட்பதைவிட, 'இதில் என்னென்ன சேர்க்கிறீர்கள்?' என்று கேட்பது நல்லது. முதல் கேள்விக்கு 'ஆம்' என்பது எளிய பதில். இரண்டாவது கேள்விக்குச் சமையலை அறிந்தவரால்தான் பதில் சொல்ல முடியும்.

மூன்றாவதாக, எண்ணெய், கல், அரைக்கும் கருவி, கரண்டி ஆகிய நான்கையும் தனித்தனியே கேட்க வேண்டும். 'தெரியாது' என்று நேர்மையாகச் சொல்லும் கடையில், பொட்டலமிட்ட பானம், உரிக்காத பழம் போன்றவற்றுடன் நிறுத்திக்கொள்ளலாம். கேட்டு முடிக்கும் முன்பே 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லும் கடையைத் தவிர்ப்பதே நலம்.

நான்காவதாக, எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண் கடையில் காட்சிப்படுத்தப்பட்டுள்ளதா, ரசீதில் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். ரசீதில் இந்த எண் 2022 ஜனவரி முதல் கட்டாயம். 1-இல் தொடங்கும் எண் உரிமத்தையும், 2-இல் தொடங்கும் எண் சிறு கடைகளின் பதிவையும் குறிக்கும். இது கடை ஒவ்வாமைப் பாதுகாப்பு உடையது என்பதற்குச் சான்றன்று. புகார் அளிக்க நேர்ந்தால் கடையை அடையாளம் காண உதவும்.

செயலி வழியாக உணவு வரவழைப்பவர்கள், குறிப்புப் பெட்டியில் எழுதியதோடு விட்டுவிடாமல் உணவகத்தை அழைத்து உறுதி செய்ய வேண்டும்.

உடல்நிலை மோசமானால்

உதடு, நாக்கு வீங்குதல், உடலெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல், தொடர் வாந்தி, மயக்கம் ஆகியவை கடும் ஒவ்வாமையின் அறிகுறிகள். உண்ட சில நிமிடங்களிலேயே இவை தோன்றலாம். இதற்கான முதல் மருந்து தொடையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசி. அரிப்புக்கான ஒவ்வாமை மாத்திரை அதற்கு மாற்றாகாது.

தானே செலுத்திக்கொள்ளும் அட்ரினலின் ஊசிப் பேனா இந்திய மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. மருத்துவர் பரிந்துரைத்திருந்தால் இரண்டு பேனாக்களைக் கையோடு எடுத்து வர வேண்டும். பாதிக்கப்பட்டவரைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத்திணறல் இருந்தால் அமர வைக்கலாம். எழுந்து நடக்க விடக் கூடாது. அறிகுறிகள் தணிந்தாலும் மீண்டும் தோன்றக்கூடும் என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை.

ஆம்புலன்ஸுக்கு 108, பொது அவசர உதவிக்கு 112 ஆகிய எண்களை அழைக்கலாம். கருவேலிப்படியில் உள்ள மகாராஜாஸ் தாலுகா மருத்துவமனையும், ஃபோர்ட் கொச்சி தாலுகா மருத்துவமனையும் அருகிலுள்ள அரசு மருத்துவமனைகள். பெரிய அரசு மருத்துவமனையான எர்ணாகுளம் பொது மருத்துவமனைக்குப் பாலங்களைக் கடந்து செல்ல வேண்டும். மாலை நேர நெரிசலில் அதற்குக் கூடுதல் நேரம் ஆகும்.

உட்பொருள் குறித்துத் தவறான தகவல் தரப்பட்டிருந்தால், எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 1800 112 100 என்ற கட்டணமில்லா எண்ணிலும், அதன் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலும் புகார் அளிக்கலாம். ரசீதையும், இயன்றால் எஞ்சிய உணவையும் பாதுகாத்து வைப்பது விசாரணைக்கு உதவும்.